ஏறிப் போக ஒரு வண்டி



சுபாங் ஜெயாவில் இன்று மேம்பால ரயிலில் ஏறிப் போகிற இளைஞர் பலருக்கு, கீழே இருப்பது ஒரு காலத்தில் தோட்ட நிலம் என்பது தெரியாது. சீபீல்டு தோட்டம் என்பது அதன் பெயர். பால்மரமும் செம்பனையும் நின்ற அந்த மண்ணில் 1970களில் வீடமைப்பு தொடங்கியது. 1997இல் அது நகராண்மைக் கழகம் ஆயிற்று; 2020இல் மாநகரம். தோட்டத்தின் பெயர் ஒரு மாரியம்மன் கோயிலிலும் ஒரு தமிழ்ப்பள்ளியிலும் தங்கிவிட்டது. 2016 ஜூன் 30ஆம் நாள் முதல் கிளானா ஜெயா தடத்து ரயில் இந்தப் பகுதியைத் தாண்டிப் புத்ரா ஹைட்ஸ் வரை ஓடுகிறது.

ரயில் வருமுன், சாலை வருமுன், நம் தோட்டத்து மக்கள் எதில் ஏறிப் போனார்கள்?

பெரும்பாலும் எதிலும் ஏறவில்லை, நடந்தார்கள். மோட்டார் கார் துரையுடையது. லாரி தோட்டத்துடையது. தைப்பூசத்திற்குப் பத்துமலை போவதென்றாலும், பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணமென்றாலும் அந்த லாரியைத்தான் கேட்க வேண்டும். நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் என்ன செய்வது? கிராணி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், அவர் துரையைக் கேட்க வேண்டும், பிறகு லாரிக்காரரை எழுப்ப வேண்டும். அதற்குள் லயத்து ஆண்கள் நாலு பேர் சேர்ந்து அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பெரிய சாலைக்கு நடந்துவிடுவதும் உண்டு. ஊராரே நடத்தும் போக்குவரத்து என்று இன்று பெரிய பெயர் வைத்துப் பேசுகிறோமே, அதன் முதல் வண்டி அந்தக் கட்டில்தான் என்று நாங்கள் சொல்வோம்.

தொழிலாளி தன் காசில் வாங்க முடிந்த முதல் வண்டி மிதிவண்டி. அதிலும் ஒரு வழக்கம் இருந்தது. எதிரே துரையோ கிராணியோ வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூலி உயர்வைத்தான் முதலில் சொல்வார்கள். அது சரியே. போர்க்காலத்தில் ரப்பரின் தேவை பெருகியது; சீனத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலி நம்மவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கோரிக்கைப் பட்டியலை முழுதும் பார்த்தால், கூலியோடு வேறு பலவும் இருக்கின்றன: பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களைத் தொல்லைப்படுத்துவதற்கு முடிவு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக உரிமை. அவற்றோடு மிதிவண்டியும் இருக்கிறது. துரைக்கும் உத்தியோகஸ்தருக்கும் முன்னால் இறங்க மாட்டோம் என்பது ஒரு தனிக் கோரிக்கை.

படித்த சிலருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றியிருக்கலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. உறவினர் உள்ளே வரக்கூடாது, நீ போனாலும் இறங்கி இறங்கிப் போ என்றால், நடமாட்டம் முழுவதும் பிறர் கையில் என்று பொருள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதை எதிர்த்து வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, இராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கே இறங்கி, படைவீரரில் ஏராளமானோர் மிதிவண்டியிலேயே தீபகற்பத்தின் வழியாகத் தெற்கே வந்தனர். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. மிதிவண்டியைக் கண்டு துரைமார் விலகிய காலமும் ஒன்று உண்டு!

இனி வேறு நாடுகளுக்குப் போவோம். வண்டி இல்லாத கிராமம் நம்மிடம் மட்டும் இல்லை. பிரிட்டனில் 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை 2,000க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களை மூடச் சொன்னது. கார் பெருகப் பெருக, கிராமத்துப் பேருந்தும் நஷ்டமென்று நின்றது. கார் இல்லாத கிழவரும் தாய்மாரும் வீட்டில் அடைபட்டார்கள். கிராமத்தார் தாங்களே சிறு பேருந்து ஓட்ட முன்வந்தபோது சட்டம் குறுக்கே நின்றது. 1977இலும் 1978இலும் வந்த சட்டங்கள்தாம் வழிவிட்டன. ஹாலந்தில் 1977இல் இது தொடங்கியது. ஜெர்மனியில் 1985இல் முதல் ஊரார் பேருந்து ஓடியது.

ஜெர்மானிய முறையை மட்டும் கொஞ்சம் விளக்குவோம். வண்டியில் எட்டுப் பயணிகள்தாம். ஓட்டுநரோடு ஒன்பது பேர். அந்த அளவுக்குள் இருந்தால் பெரிய பேருந்து உரிமம் தேவையில்லை. கார் உரிமமும் பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதியும் போதும். ஓட்டுகிறவர் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர், சம்பளம் இல்லை. ஊர்ச் சங்கம் முறைவைத்து ஆள் போடும். பேருந்து நிறுவனம் தடத்தையும் பயணச்சீட்டையும் பார்த்துக்கொள்ளும். சம்பளச் செலவு போய்விட்டால், நஷ்டத் தடமும் ஓடும்.

சிலாங்கூரில் 2015 முதல் அரசின் இலவசப் பேருந்து ஓடுகிறது. சுபாங் ஜெயாவும் முதலில் பெற்ற இடங்களில் ஒன்று. நல்ல திட்டம். ஆனால் பேருந்து பெரிய சாலையோடு போகும். செம்பனைக்குள் இரண்டு கல் உள்ளே இருக்கும் லயத்துக்கு அது வராது. நாமே ஓட்டலாமென்றால், கட்டணம் வாங்கி ஆளேற்ற உரிமம் வேண்டும். காசு வாங்காமல் மருத்துவமனைக்கு அண்டை வீட்டாரை ஏற்றிப் போகத் தடையில்லை. பலர் அதைத்தான் சத்தமில்லாமல் செய்து வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம் வேறு வழியில் போயிற்று. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் வங்கிகளைப் பிடித்துப் பெண்களுக்குக் கடன் வாங்கித் தந்தார். கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். அதைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு. பெண்கள் மிதிவண்டி கடைகளில் தீர்ந்தபோது ஆண்கள் மிதிவண்டியையே வாங்கினார்கள். சிலருக்கு அதுவே பிடித்திருந்தது. முன்னால் இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் அல்லவா?