காட்டைவிட்டு வெளியேறும் தனிமங்கள்: ஹப்பர்டு புரூக் தரும் சான்று

தனிமங்கள் பாறை, மண், நீர், உயிர் என்று சுற்றிவரும் சுழற்சியை விளக்கும்போது மழையையும் பாறைச் சிதைவையும் இயக்கும் விசைகளாகவும், உயிரினங்களைத் தனிமங்கள் தங்கிச்செல்லும் சத்திரங்களாகவும் காட்டிவிடுவது எளிது. இச்சித்திரம் போதாது. காட்டு மண்ணில் எது தங்கும், எது ஓடையோடு போகும் என்பதைத் தீர்மானிப்பதில் வளர்ந்துகொண்டிருக்கும் தாவரத்துக்கே முதன்மையான பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஹப்பர்டு புரூக் ஆய்வுக்காட்டில் 1963இல் ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ் முதலியோர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அங்குள்ள அடிப்பாறை நீரை ஏறக்குறைய கசியவிடுவதில்லை. எனவே, ஆவியாகாத மழைநீர் முழுவதும் ஓடை வழியாகவே வெளியேறுகிறது. ஓடையை அளந்தால் காட்டின் வரவுசெலவே கைக்கு வந்துவிடும். 1965இன் இறுதியில் 15.6 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்றின் மரங்கள் முழுவதும் வெட்டப்பட்டன. மண் கலையக்கூடாது என்பதற்காக ஒரு கட்டைகூட வெளியே இழுக்கப்படவில்லை. அடுத்த மூன்று கோடைகளிலும் களைக்கொல்லி தெளித்து மறுவளர்ச்சி தடுக்கப்பட்டது. ஓடைநீரில் நைட்ரேட்டின் செறிவு, வெட்டப்படாத நிலையோடு ஒப்பிட, முதலாண்டில் 41 மடங்காகவும் இரண்டாமாண்டில் 56 மடங்காகவும் உயர்ந்தது. குடிநீருக்கு வகுத்த வரம்பை அது ஏறத்தாழ இடைவிடாமல் தாண்டியிருந்தது. காரணம் மண்ணுக்குள் இருந்தது. மக்கும் இலைதழையிலிருந்து பிறக்கும் அமோனியத்தை உறிஞ்ச உயிருள்ள வேர்கள் இல்லை. பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கின. அவ்வினையில் வெளிப்பட்ட ஹைட்ரஜன் அயனிகள், மண்துகள்களில் ஒட்டியிருந்த கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் பெயர்த்தன. பெயர்ந்தவை நைட்ரேட்டோடு சேர்ந்து ஓடையில் இறங்கின.

நீர்ப்போக்கு கூடியதால் வந்த அரிப்புதானே இது என்று கேட்கலாம். மரங்களின் நீராவிப்போக்கு நின்றதால் முதலாண்டில் ஓடைநீர் 39 விழுக்காடு கூடியது உண்மை. ஆனால் நீர் கூடினால் செறிவு நீர்த்துப்போக வேண்டுமே தவிர, பன்மடங்கு உயரக்கூடாது. அதைவிட வலுவான மறுப்பு சோடியத்தில் இருக்கிறது. எளிதில் கரையும் அதன் செறிவு 177 விழுக்காடு மட்டுமே உயர்ந்தபோது, தாவரங்கள் பெருமளவில் உறிஞ்சும் பொட்டாசியம் 1,558 விழுக்காடு உயர்ந்தது. வெறும் கழுவலுக்கு இப்படித் தேர்ந்தெடுத்து இழக்கும் குணம் கிடையாது.

களைக்கொல்லி இயற்கையான நிலையன்று என்ற மறுப்பு இன்னும் நியாயமானது. வழக்கமான மரவெட்டுக்குப் பின் இழப்பு இவ்வளவு நீடிப்பதில்லை. மண்ணில் புதைந்து கிடக்கும் ‘பின் செர்ரி’ (pin cherry) மர விதைகள் விரைவில் முளைத்துச் சத்துகளைப் பற்றிக்கொள்கின்றன. ஆனால் இது என் வாதத்தைத் தளர்த்தவில்லை. வளர்ச்சி திரும்பினால் கசிவு அடைபடும் என்பதையே காட்டுகிறது. 1975இல் பீட்டர் விட்டூசெக், வில்லியம் ரைனர்ஸ் இருவரும் முன்வைத்த விளக்கம் வாதத்துக்கு ஒரு திருத்தத்தையே தருகிறது: உயிர்ப்பொருள் கூடுவது நின்றுபோன முதிர்காடுகள், வளரும் காடுகளைவிட அதிக நைட்ரேட்டை இழக்கின்றன. ஆகவே சத்தைப் பிடித்துவைப்பது மரங்களின் இருப்பு அன்று, அவற்றின் வளர்ச்சி.

களைக்கொல்லி நிறுத்தப்பட்டுத் தாவரங்கள் மீண்டும் எழுந்த சில ஆண்டுகளில் அந்த ஓடையின் நைட்ரேட் பழைய அளவுக்கு இறங்கியது; கால்சியம் நெடுங்காலம் இறங்கவில்லை.