சனியின் வளையம் தந்த பாடம்

1610ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இத்தாலிய அறிஞர் கலிலியோ தம் தொலைநோக்கியைச் சனிக்கோளின்பால் திருப்பினார். நடுவே பெரியதொன்றும் இருமருங்கும் சிறியவை இரண்டுமாக மூன்று உருண்டைகள் தோன்றின. 1612இல் மீண்டும் நோக்கியபோது பக்க உருண்டைகளைக் காணவில்லை! காரணம் விளங்காத அவர், தம் திகைப்பை மறையாது மடலில் எழுதினார்.

அப்புதிரை அவிழ்த்தவர் ஆலந்து நாட்டு ஹைகன்ஸ். தாமே அமைத்த திறன்மிகு தொலைநோக்கியால் 1655இல் சனியின் பெருந்துணைக்கோளாகிய டைட்டனைக் கண்டார். சனியைச் சூழ்ந்திருப்பது அதனைத் தொடாத மெல்லிய வளையமே என்பதை 1659இல் நூலெழுதி விளக்கினார். வளையத்தின் விளிம்பு மட்டும் நம்மை நோக்கும் காலத்தில் அது புலப்படாது. கலிலியோவைத் திகைக்கவைத்தது அதுவே. 1675இல் பாரிசு வான் ஆய்வகத்தில் காசினி அவ்வளையத்தினூடே ஓர் இருண்ட இடைவெளியைக் கண்டார்.

பின்னிருவர் பெயரையும் தாங்கிய விண்கலம் 1997இல் புறப்பட்டது. 2005 சனவரி 14ஆம் நாள் ஹைகன்ஸ் கலம் டைட்டன் நிலத்தில் இறங்கியது. காசினி கலமோ பதின்மூன்று ஆண்டுகள் சனியைச் சுற்றி ஆராய்ந்து, 2017இல் அதன் வளிமண்டலத்திற் பாய்ந்து அழிந்தது.

கலிலியோ விடை கண்டாரல்லர்; ஆயினும் கண்டதைத் திரிக்காது எழுதினார். அவ்வினாவே பின்வந்தோருக்கு வழியாயிற்று. ஆய்வுக் குறிப்பேட்டில் விடைக்கேற்பக் காட்சியைத் திருத்த முற்படும் மாணவர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.