நட்டவர் பலர், நீர் ஊற்றியவர் யார்? – யாழ்ப்பாணத்து மரங்களின் கதை

யாழ்ப்பாணத்திலே ஒருவரிடம் வழி கேட்டால் மரங்களின் பெயர்களைச் சொல்லியே வழி காட்டுவார். நகரத்துக்குள்ளேயே வேம்படி, அரசடி, கொய்யாத்தோட்டம் ஆகிய பெயர்கள் வழங்குகின்றன. நகரத்தை விட்டுச் சற்று வெளியே போனால் மானிப்பாயில் மருதடி, வடமராட்சியில் நெல்லியடி, தீவகத்தில் புளியங்கூடல். ஆலடி, புளியடி, இலுப்பையடி, நாவலடி என்று ஊருக்கு ஊர் வழங்கும் சிறு பெயர்களைத் தொகுக்கத் தொடங்கினால் அதுவே ஒரு நூலாகிவிடும். ஒரு மரத்தின் கீழே பிள்ளையார் அமர்ந்தார். இன்னொரு மரத்தின் கீழே சந்தை கூடியது. வேறொன்றின் அருகே பள்ளிக்கூடம் எழுந்தது. மரம் பட்டுப்போன பின்னரும் பெயர் பட்டுப்போகவில்லை.

இப்பெயர்களைக் கேட்கும் வெளியூரவர் குடாநாடு ஒரு காலத்தில் பெருங்காடாக இருந்தது என்று எண்ணக்கூடும். உண்மை நிலை வேறு. குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாற்றில் மழைக்காலத்தில் மட்டுமே நீர் ஓடும். நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். மேலே பல இடங்களில் மெல்லிய மண். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். சித்திரையிலே ஓரளவு மழை கிடைக்கலாம். அதன் பின்னர் சோளகக் காற்றும் வெயிலுந்தான். இத்தகைய நிலத்திலே இவ்வளவு பசுமை தானாக வந்ததன்று. அதன் பெரும்பங்கு மனிதர் நட்டு, கிணற்று நீர் ஊற்றி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாமற் காத்து வளர்த்தது. ஆகவே யாழ்ப்பாணத்து மரங்களின் வரலாறு என்பது, யார் எதற்காக நட்டார்கள், நட்ட பின் யார் பார்த்தார்கள் என்பதன் வரலாறேயாகும்.

இந்த வரலாற்றின் முதல் அத்தியாயம் வேலியிலிருந்து தொடங்க வேண்டும். மரநடுகை என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, குடாநாட்டு மக்கள் ஆண்டுதோறும் மரம் நட்டு வந்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் கதியால் போடுதல். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பிற்காலத்திலே சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளை வெட்டி எல்லையிலே வரிசையாக ஊன்றுவார்கள். மழை பெய்ததும் அவை துளிர்க்கும். இடையிலே பனையோலையோ கிடுகோ வைத்து அடைத்தால் அது உயிருள்ள வேலி. அந்த வேலி வளவை மறைத்ததோடு நிற்கவில்லை. அதன் குழை ஆட்டுக்குத் தீனி. புகையிலைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் தாழ்க்கும் பசளை. முற்றிய கிளை அடுப்புக்கு விறகு. பூவரசின் அடிமரம் தச்சனுக்கு வேண்டிய பலகை.

வேலியை எந்தச் சங்கமும் கூடி நடவில்லை. எந்த அதிகாரியும் வந்து திறந்து வைக்கவில்லை. ஆயினும் நகரத்து ஒழுங்கைகள் நெடுகிலும் நிழல் இருந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் எல்லையைப் பார்த்துக்கொண்டதால் ஊர் முழுவதும் பச்சையாயிற்று. அந்த அக்கறை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு எல்லை வழக்குகளே சாட்சி. ஒரு கதியால் அரை அடி தள்ளி ஊன்றப்பட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறிய குடும்பங்களின் கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தச் சண்டைகளை நாம் கேலியாகவே பேசி வந்திருக்கிறோம். ஆனால் வேலிமரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார் என்ற உண்மையும் அந்தக் கேலிக்குள்ளே இருக்கிறது.

வளவுக்குள்ளே இருந்த மரங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். கிணற்றடியில் குளிக்கும் நீர் வாய்க்கால் வழியாக வாழைக்கும் கமுகுக்கும் தென்னைக்கும் போனது. மரத்துக்கென்று தனியாக நீர் இறைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வீட்டின் அன்றாட வாழ்க்கையே மரத்தை வளர்த்தது.

பொது இடங்களில் நின்ற மரங்களுக்கோ வேறு ஒரு ஏற்பாடு இருந்தது. பழைய வீதிகளிலே மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் ஆகியவற்றின் அருகே ஆலோ அரசோ வேம்போ நிற்பதைக் காணலாம். சுமையோடு வருபவர் இறக்கி வைத்து இளைப்பாறவும், மாடு நீர் குடித்து உடம்பைத் தேய்க்கவும், வழிப்போக்கர் நிழலில் இருக்கவும் செய்யப்பட்ட தருமம் அது. இறந்தவர் நினைவாகவும் நேர்த்திக்காகவும் இவற்றைச் செய்வித்தார்கள். மரத்தின் கீழே வைரவர் சூலம் ஒன்றை நட்டுவிட்டால் அதன் மீது கோடரி வைக்க எவரும் துணியார்.

அரசாங்கம் வளர்த்த மரங்களுக்கு நகரத்திலே நல்ல உதாரணம் சுண்டுக்குளிப் பக்கத்திலுள்ள பழைய பூங்கா. 1829இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, சிறு இடைவெளி நீங்கலாக 1867இல் இறக்கும்வரை வடக்கை நிர்வகித்த பேர்சிவல் அக்லன்ட் டைக் என்ற ஆங்கிலேய அரசாங்க அதிபர் உருவாக்கியது அது. தம் சொந்தச் செலவிலே நிலம் வாங்கி, பல்வகை மரங்களை நட்டு, தமக்குப் பின் வரும் அதிபர்களின் வதிவிடமாக அதனை விட்டுச் சென்றார். வடக்கின் ராஜா என்று அழைக்கப்பட்ட அவரது கடுமையான ஆட்சியைப் பற்றிப் பலவிதமான கருத்துகள் உண்டு. ஆனால் அவர் தொடக்கிய சோலையின் நிழல் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது. போரிலே அங்கிருந்த வதிவிடம் சிதைந்தது. போருக்குப் பின் வளவின் ஒரு பகுதியில் அரச அலுவலகங்கள் எழுந்தன. அவற்றுக்கு இடையிலும் முதுமரங்கள் பல எஞ்சியிருக்கின்றன. நெடுங்காலம் அங்கே அதிபரும் தோட்டக்காரரும் மதிலும் இருந்தமையே அதற்குக் காரணம். மதிலுக்கு வெளியே இருந்த பொதுமக்களுக்கு அந்த நிழலில் அப்போது பெரிய பங்கு இருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மரம் நடுவது ஓர் இயக்கமாகப் பேசப்படத் தொடங்கியது. அதன் நடுவிலே நின்றது பனை. யாழ்ப்பாணத்துச் சவர்க்கார உற்பத்தியாளரான மில்க்வைற் கனகராசா, வணிகத்தோடு நில்லாமல் ‘மில்க்வைற் செய்தி’ என்ற மாத இதழை நடத்தியதோடு, பனை விதை நாட்டவும் பயன்தரு மரங்களை வளர்க்கவும் மக்களை ஓயாது தூண்டினார். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. உணவும் கூரையும் வேலியும் மரமும் தந்த பனையை நட்டு வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் எங்கும் பரவியது.

பனை நடுவது பொறுமை வேண்டும் காரியம். விதை போட்டவர் பாளை காண்பதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் செல்லும். “வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிறதோ?” என்று ஊரிலே கேட்பார்கள். பலன் காணக் காலம் போதாத வேலையைச் செய்பவனைக் கேலி செய்யும் பழமொழி அது. ஆயினும் அந்தக் கேலிக்கு ஆளாகச் சம்மதித்தவர்களால்தான் குடாநாட்டிலே பனந்தோப்புகள் இருந்தன.

போர் அந்தப் பனைகளைத் தேடி வந்தது. குண்டைத் தாங்கும் வலிமை பனங்குற்றிக்கு உண்டு. காப்பரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் இரு தரப்பினரும் பனைகளைத் தறித்தார்கள். உயிருக்கு அஞ்சிய பொதுமக்களும் தம் வளவுகளிலே பதுங்குகுழி வெட்டிப் பனங்குற்றி அடுக்கினார்கள். எறிகணைகளால் தலையிழந்து நின்ற மொட்டைப் பனைகள் அக்காலத்துப் படங்களில் யாழ்ப்பாணத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருள் அரிதாகி, விறகுக்காகவும் மரங்கள் விழுந்தன. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் ஒரே இரவிலே இடம்பெயர்ந்தது. ஆளில்லாத வளவுகளில் வேலி அடைப்பார் எவரும் இல்லை.

வலிகாமம் வடக்கின் கதை இன்னும் துயரமானது. 1990இல் வெளியேறிய குடும்பங்களுட் பல இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே, உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட தம் நிலத்தை மிதித்தன. சென்றவர்களிற் பலருக்கு வீடு இருக்கவில்லை, ஒழுங்கை இருக்கவில்லை, எல்லை இருக்கவில்லை. பற்றைக்குள்ளே தேடித் தம் கிணற்றையும், தந்தையோ பாட்டனோ வைத்த ஒரு மாமரத்தையும் கண்டு, இதுதான் எங்கள் வளவு என்று நிச்சயித்தவர்கள் உண்டு. உறுதியில் எழுதியிருந்த எல்லையை ஒரு மரம் வாய் திறவாமற் சொல்லிற்று.

2009இல் போர் முடிந்த பின் வந்தது கட்டுமானக் காலம். வீதிகள் அகலமாயின, பல இடங்களிலே வீதியோர மரங்கள் தறிக்கப்பட்டன. வெளிநாட்டுப் பணத்திலே வீடுகள் எழுந்தன. கதியால் வேலி போய்ச் சீமெந்து மதில் வந்தது. மதில் கட்டுபவரைக் குறை கூற முடியாது. வேலி அடைக்க ஆளும் இல்லை, ஓலையும் இல்லை, அந்தக் குழையைத் தின்ன வீட்டிலே ஆடும் இல்லை. ஆனால் ஒரு மைல் வேலி மதிலாகும்போது எத்தனை மரங்கள் போகின்றன என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இப்பின்னணியிலேதான் வடமாகாண சபையின் காலத்தில் (2013–2018), விவசாய, சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த பொ. ஐங்கரநேசனின் முயற்சியால் கார்த்திகை மாதம் மரநடுகை மாதமாக அறிவிக்கப்பட்டது. உலகச் சுற்றுச்சூழல் தினம் யூன் 5ஆம் திகதி; 1973 முதல் அனுட்டிக்கப்படுகிறது. ஆனால் யூனிலே யாழ்ப்பாணத்தில் நடும் கன்று காற்றிலும் வெயிலிலும் காய்ந்துவிடும். கார்த்திகையில் நட்டால் மழை அதனை வேரூன்றச் செய்யும். இந்த எளிய உண்மையை அரச நாட்காட்டிக்குள்ளே கொண்டு வந்தமை பெரிய காரியம். ஐங்கரநேசனின் தமிழ்த் தேசியப் பசுமை இயக்கம் அந்த வழக்கத்தைத் தொடர்ந்ததோடு, நல்லூரிலே ‘கார்த்திகை வாசம்’ என்ற மலர்க் கண்காட்சியையும் நடத்தி வந்திருக்கிறது.

கார்த்திகையை மழையோடு மட்டும் இணைத்துப் பார்க்காதவர்களும் உண்டு. நவம்பர் 27 மாவீரர் நாள். 2009இன் பின்னர் சில ஆண்டுகள் அந்நாளில் பொதுவெளியிலே விளக்கேற்றுவது தடுக்கப்பட்டிருந்தது. போரில் இறந்த பிள்ளைகளின் பெற்றோருக்குத் தென்னங்கன்று வழங்கும் வழக்கம் முன்பிருந்தே இருக்கிறது. அப்படிக் கொண்டுபோய்த் தன் பிள்ளையின் பெயரிலே நட்ட கன்றை எந்தத் தாயும் பங்குனி வெயிலிலே வாட விடமாட்டாள். அந்தக் கன்று எந்த அறிக்கையிலும் இடம்பெறாது. ஆனால் அது வளரும்.

இங்கே என்னுடைய தொழிலைப் பற்றியும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். செய்தியாளனாக எத்தனையோ மரநடுகை விழாக்களைப் பார்த்திருக்கிறேன். பிரமுகர் மண்வெட்டி பிடிப்பார், கமரா மின்னும், இத்தனை ஆயிரம் கன்றுகள் நடப்பட்டன என்று மறுநாள் செய்தி வரும். அச்செய்தியை நானும் எழுதியிருக்கிறேன். அடுத்த ஆவணியிலே அதே இடத்துக்குப் போய், அவற்றில் எத்தனை எஞ்சின என்று எண்ணிப் பார்த்து ஒரு வரி எழுதியதில்லை. எழுதியிருந்தால் நடுபவர்களும் எண்ணத் தொடங்கியிருப்பார்கள்.

உலகிலே இவ்வகை முயற்சிகளில் வென்றவர்கள் சிலர் நட்டதைவிட எஞ்சியதையே பெரிதாகக் கொண்டார்கள். கென்யாவிலே 1977இல் பசுமைப் பட்டி இயக்கத்தைத் தொடக்கி, 2004இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய், கிராமத்துப் பெண்கள் நட்ட கன்றுகளில் உயிர் பிழைத்தவற்றுக்கே சிறு கொடுப்பனவு வழங்கினார். கர்நாடகத்திலே 2025 நவம்பரில் மறைந்த சாலுமரத திம்மக்கா, ஹுலிகல் – குடூர் வீதியில் கணவரோடு சேர்ந்து 385 ஆலமரங்களை வளர்த்தவர். கன்றுகளுக்கு நீர் ஊற்றுவதற்காக இருவரும் குடங்களைச் சுமந்து பல கிலோமீற்றர் நடந்தார்கள். பிள்ளையில்லாத அத்தம்பதியர் மரங்களையே பிள்ளைகளாகக் கொண்டனர்.

வேலியிலே கதியால் ஊன்றியவருக்குக் குழை வேண்டியிருந்தது. சுமைதாங்கியடியிலே ஆல் வைத்தவருக்குப் புண்ணியம் வேண்டியிருந்தது. தென்னங்கன்றை ஏந்திச் சென்ற தாய்க்குத் தன் பிள்ளை வேண்டியிருந்தது. காரணம் எதுவாக இருந்தாலும், மரத்தைத் தேடி மறுநாளும் ஒருவர் வந்தார். அரச காணியிலும் வீதி ஓரத்திலும் நடும் கன்றுகளுக்கு அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதே இன்றைய வேலை. புலம்பெயர்ந்த நண்பர்கள் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் மரம் நடுவதற்கென்று ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். நல்ல காரியம். ஆயிரம் கன்றுக்கு அனுப்பும் பணத்தை நூறு கன்றுக்கும், அந்த நூறுக்கும் இரண்டு ஆண்டு நீர் ஊற்றுபவரின் கூலிக்குமாகப் பங்கிட்டால் இன்னும் நல்லது.

கார்த்திகையிலே நட்ட கன்றுக்கு மழை நீர் ஊற்றும். பங்குனியிலே ஊற்றப்போகிறவர் யார் என்பதை நடும் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.