காவலூரும் யுரேனஸின் நிலவுகளும்

பெருங்கோள்களைச் சுற்றும் நிலவுகளில் இரு வகை உண்டு. கோளின் நடுக்கோட்டையொட்டி, ஏறத்தாழ வட்டமான பாதையில், கோள் சுழலும் திசையிலேயே சுற்றுபவை ஒழுங்கான நிலவுகள். வெகு தொலைவில், சாய்ந்தும் நீண்டும் அமைந்த பாதையில் சுற்றுபவை ஒழுங்கற்ற நிலவுகள். இவற்றுள் பெரும்பாலானவை எதிர்த்திசையில் செல்கின்றன. முன்னவை கோளோடு பிறந்தவை. பின்னவை சூரியனைச் சுற்றித் திரிந்து, பின்னர் கோளின் ஈர்ப்பில் அகப்பட்டவை என்று கருதப்படுகிறது.

சனிக்கு ஃபீபி 1899இலும், வியாழனுக்கு ஹிமாலியா 1904இலும் கண்டறியப்பட்டன. யுரேனஸுக்கோ 1997 வரை ஒழுங்கற்ற நிலவு ஒன்றுகூடத் தெரியவில்லை. அதற்கு 20 ஆண்டுகள் முன்னதாக, யுரேனஸுக்குப் புதிய நிலவு ஒன்று இருப்பதாகத் தமிழ்நாட்டிலிருந்து ஓர் அறிவிப்பு வெளிவந்தது.

காவலூர்ப் பதிவு

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடக்கவிருந்தது. விண்மீனின் ஒளி மறையும் விதத்தைக் கொண்டு கோளின் விட்டத்தையும் வளிமண்டலத்தையும் அறியலாம். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியால் இதை நோக்கினர். கோளின் வட்டுக்கு வெளியே விண்மீனின் ஒளி சில விநாடிகள் சட்டெனக் குறைந்து மீண்டது.

அன்று வளையம் உடையதாக அறியப்பட்ட கோள் சனி மட்டுமே. எனவே இடையில் மறைத்தது ஒரு நிலவு என்று இருவரும் கருதி, 'நேச்சர்' இதழில் அறிவித்தனர்.

நிலவன்று, வளையம்

அதே இரவில் ஜேம்ஸ் எலியட் குழுவினர் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த விமான வானாய்வகத்திலிருந்து நோக்கினர். கோள் மறைக்கும் முன்பு ஒளி சிலமுறை குறைந்தது. மறைப்பு முடிந்தபின் மறுபக்கத்திலும் அதே தொலைவுகளில் குறைந்தது. தனித்தனி நிலவுகள் இப்படி இருபுறமும் இணையாக நிற்பது அரிது; வளையங்கள் என்றால் பொருந்தும். அவ்வாண்டிலேயே பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அதே இதழில் யுரேனஸின் வளைய அமைப்பைப் பற்றி எழுதினர். காவலூர்ப் பதிவு சரியானது. அதற்குக் கொடுத்த விளக்கம்தான் மாறியது. திருத்தி எழுதியவர்களும் காவலூர் ஆய்வாளர்களே.

1997இல் கிடைத்தவை

1997 செப்டம்பரில் பலோமரின் 5 மீட்டர் தொலைநோக்கியில் மின்னணு ஒளியுணரியைப் பொருத்திப் பிரெட் கிளாட்மன் குழுவினர் தேடினர். கலிபன், சைகோராக்ஸ் என்னும் இரு நிலவுகள் கிடைத்தன. சைகோராக்ஸ் சராசரியாக 1.2 கோடி கி.மீ. தொலைவில், சுமார் மூன்றரை ஆண்டுகளுக்கு ஒருமுறை யுரேனஸை எதிர்த்திசையில் சுற்றுகிறது. உருவில் சிறியவை, ஒளி மிக மங்கியவை என்பதால் பழைய ஒளிப்படத் தகடுகளில் இவை சிக்கவில்லை. 2024ஆம் ஆண்டின் அறிவிப்போடு யுரேனஸின் ஒழுங்கற்ற நிலவுகள் 10 ஆயின. மார்கரெட் தவிர மற்றவை எதிர்த்திசையில் சுற்றுபவை.

காவலூரின் 'நிலவு' இந்தப் பட்டியலில் இல்லை. யுரேனஸ் வளையங்களின் கண்டுபிடிப்பு வரலாற்றில் அந்த இரவின் பதிவுக்கு நிலையான இடம் உண்டு.