மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளும் தமிழோசையும்

1990 யூனில் இலங்கையில் போர் மறுபடி மூண்டதோடு வன்னிக்குப் பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் எதற்கும் அனுமதி இல்லை. நெடுங்கேணியில் மோட்டார் சைக்கிளும் றேடியோவும் திருத்திப் பிழைத்தவன் நான். எங்கள் தொழில் அந்தத் தடைக்குள்தான் புதிதாகப் பிறந்தது.

வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் நாலு துளி பீச்சி, உதைத்து, எஞ்சின் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களுக்கும் இதே பாடுதான். பிளக்கில் கரி அப்பிவிடும். கழற்றிச் சுரண்டிப் பூட்டுவது அன்றாட வேலை.

றேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, சுற்றியிருந்து எல்லோரும் செய்தி கேட்பார்கள். 6 வோல்ற், 3 வாற் டைனமோ தருவது ஆடலோட்டம். டயோட் நான்கு போட்டு நேராக்கினாலும் றேடியோ இரையும். செத்த றேடியோவில் கழற்றிய 1000 மைக்ரோபரட் கொண்டென்சரைக் குறுக்கே இணைத்தால் இரைச்சல் அடங்கிவிடும்.

அடங்காதது மற்ற இரைச்சல். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை தொடங்கியிருக்கும். வீதியால் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் போதும், சிற்றலையில் படபடவென்று வெடிக்கும். ஷெல் விழுந்த ஊரின் பெயர் அந்தச் சத்தத்துக்குள் அமிழ்ந்துபோகும். அந்த ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய்க்கு அது சின்ன விசயமா?

பிளக்கில் பாயும் பொறி ஒவ்வொன்றும் வானொலி அலையையும் கிளப்புகிறது. 1880களின் கடைசியில் ஹேர்ட்ஸ் வானொலி அலையை உண்டாக்கிக் காட்டியதும், பிறகு மார்க்கோனி செய்தி அனுப்பியதும் பொறியால்தான். பிளக் வயர் அந்த அலைக்கு ஏரியலாகிவிடும். வயரின் வழியில் 5,000 ஓம் அளவில் ஒரு தடையை வைத்தால் அலை ஒடுங்கும். பிரித்தானியா 1952இலேயே இதற்குச் சட்டவிதி செய்தது. ஆனாலும் எங்களிடம் வந்த வாகனங்கள் பலவற்றில் அந்தத் தடை இல்லை. மண்ணெண்ணெய்க்குப் பொறி பலமாக வேண்டும் என்று சொந்தக்காரரே கழற்றிவிடுவார்கள். 'அண்ணை, பொறி பாயும்வரை வயரில் ஓட்டமே இல்லாத மாதிரித்தான். பிறகெப்படித் தடையில் வோல்ற் குறையும்?' என்று விளங்கப்படுத்தித்தான் திரும்பப் பூட்டுவேன். பழைய கார்களில் கழித்த தடைகளே அதற்கு உதவின.

1997 மே 13இல் இராணுவத்தின் 'ஜயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியதும் நெடுங்கேணி இடம்பெயர்ந்தது. கருவிப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு புதுக்குடியிருப்புப் பக்கம் போனேன். மரத்தடியில் அதே வேலை தொடர்ந்தது.

2002இல் வன்னியூடாகப் போகும் ஏ9 வீதி திறந்தது. பெற்றோல் வந்தது; பொயின்ற் இல்லாத எலக்ட்ரோனிக் இக்னிஷனோடு இந்திய மோட்டார் சைக்கிள்களும் வந்தன. தடை உள்ளேயே அமைந்த பிளக்குகள் கடையில் கிடைத்தன. பொறி இரைச்சல் எளிதில் ஏறாத பண்பலையில் ஆட்கள் செய்தி கேட்கத் தொடங்கினார்கள்.

வன்னியின் வரலாற்றை எழுதுபவர்கள் சண்டைகளின் திகதிகளை வரிசைப்படுத்துகிறார்கள். அந்த ஆண்டுகளில் சனம் எப்படிப் பயணித்தது, எப்படிச் செய்தி அறிந்தது என்பதும் வரலாறுதான். அதற்கு ஆவணம் பழைய திருத்துநர்களின் கைப்பழக்கம். எந்தப் பாகத்தை எதிலிருந்து கழற்றி எதில் பூட்டினார்கள் என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டு, படம் வரைந்து, பதிந்து வைக்கவேண்டும்.