வரையறுக்கும் உரிமை: அம்பேத்கரும் சமூக அறிவியலின் ஆங்கிலமும்

சமூகவியல், பொருளாதாரம், மானுடவியல் என்று ஆய்வுப் படிப்புக்குப் போகிற நம் பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மொதல்ல இங்கிலீஷைச் சரி பண்ணிக்கோ." எதைச் சரி பண்ணுவது? இலக்கணத்தையா, உச்சரிப்பையா? இரண்டையும் தேற்றிக்கொண்டு போனவர்களும் கருத்தரங்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அறிவுத்துறை ஆங்கிலம் கேட்பது வேறொன்றை. அது என்னவென்று அறிய அம்பேத்கரின் மாணவப் பருவத்துக்குப் போகலாம்.

பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார் அம்பேத்கர். பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் படிக்க நேர்ந்தவர். தேவபாஷை சாத்திய கதவை வெள்ளைக்காரன் பாஷை திறந்துவிட்டது என்று கொண்டாடிவிட்டுப் போகலாம். விஷயம் அவ்வளவு லேசில்லை. அந்த ஆங்கிலத்தில் அவருக்கென்று ஏற்கெனவே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது: ஆய்வுப்பொருள் என்னும் இடம். மூக்கின் அளவை வைத்து இனம் பிரித்தவர் ரிஸ்லி. இங்கே சென்னையில் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் 1909இல் ஏழு தொகுதிகளாக அடுக்கினார். அளக்கப்பட்டவர்கள் கையில் அளவுகோல் இருக்கவில்லை.

1916 மே 9 அன்று, கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில், 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை அம்பேத்கர் வாசித்தார். வயது 25. செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வரின் வரையறைகளை வரிசையாக எடுத்துவைக்கிறார். செனார் சொல்லும் தீட்டு சாதிக்கே உரிய தனிக்கூறு இல்லை என்கிறார். நெஸ்ஃபீல்டு விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டார் என்கிறார். ரிஸ்லியிடம் புதிதாக ஒன்றுமில்லை. கேட்கர் இரண்டாகச் சொன்னது உண்மையில் ஒன்றுதான். நால்வரையும் நகர்த்தி உண்டாக்கிய இடத்தில் தன் வரையறையை வைக்கிறார்: அகமணமே சாதியின் சாரம். ஐரோப்பிய ஆய்வாளர்கள் தங்கள் நிறவெறியைத்தான் சாதிக்குள் கண்டார்கள் என்றும் சொல்லிவிடுகிறார். ஆய்வாளர்களே இங்கே ஆய்வுப்பொருளாகிவிடுகிறார்கள்.

அகமணம் நீடிக்க வேண்டுமானால் ஒரு குழுவுக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்கவேண்டும். கணவன் செத்தால் மனைவி 'உபரி' ஆகிறாள். அவளை எரிக்கவேண்டும், இல்லையேல் விதவையாகவே பூட்டிவைக்கவேண்டும். மனைவியை இழந்தவனுக்குச் சிறுமியைக் கட்டிவைக்கவேண்டும். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றையும் உபரி என்கிற ஒரே சொல்லில் அவர் கோக்கிறார். கணக்குப்பிள்ளையின் குரலில் சொல்லப்பட்ட கொடூரம் அது. 'புனிதம்' என்று வாதாட எதிராளிக்கு இடமே கிடைப்பதில்லை. துறைமொழியின் பலம் இதுதான்.

அதற்கு விலையும் உண்டு. தான் பட்ட தீண்டாமையைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல் கிடையாது. அதைச் சொல்லும் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளை அவர் 1930களின் நடுவில் எழுதினார். அவை நூலாக வந்தது 1990இல்தான். கருத்தரங்கு ஏற்கும் குரலும் பட்டவன் குரலும் ஒரே ஏட்டில் சேர வழியில்லாத அறிவுத்துறை அது. இன்றைக்கு மட்டும் என்ன வாழுதாம்?

அவர் அந்தக் குரலோடு நின்றுவிடவில்லை. 1920இல் மராத்தியில் 'மூக்நாயக்' தொடங்கினார். 1923இல் லண்டனில் பொருளாதார முனைவரானார். 1936இல் லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் மாநாட்டையே ரத்து செய்ததால் பேசப்படாமல் போன 'சாதி ஒழிப்பு' உரையைத் தானே அச்சிட்டார். பெரியாரின் 'குடி அரசு' அதைத் தமிழில் வெளியிட்டது. கொலம்பியாவில் தீட்டிய தர்க்கம் ஆங்கிலம் அறியாத தமிழ் வாசகர் கைக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

"தாய்மொழி போதும்" என்பவர்களும் "இங்கிலீஷ் வந்தால் எல்லாம் வந்துவிடும்" என்பவர்களும் இந்த வரலாற்றைப் படிக்கவேண்டும். நம் படிப்பு வட்டங்களில் ஒரு மாதம் அந்த 1916 கட்டுரையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் வரிவரியாக வாசித்து, தமிழில் சண்டை போடுவோம். அடுத்தவர் வரையறையை எங்கே மதிக்கிறார், எங்கே மறுக்கிறார், தன் சொல்லை எந்த இடத்தில் நுழைக்கிறார் என்று குறித்துக்கொள்வோம். பிறகு நம்மைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் ஏதாவது ஓர் ஆய்வேட்டைத் திறந்து, அதன் முதல் வரையறையில் கை வைக்கலாம்.