குழந்தை வன்கொடுமைத் தடுப்பும் குடும்ப ஆதரவுச் சேவைகளின் மதிப்பீடும்

குடும்ப ஆதரவுச் சேவை என்பது, குழந்தை வன்கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகும் முன்பே பெற்றோருக்குத் துணை நின்று அதைத் தடுக்க முயலும் பணி. கர்ப்ப காலம் தொட்டுச் செவிலியர் வீடு தேடிச் செல்வது, பிள்ளை வளர்ப்புப் பயிற்சி, நெருக்கடியில் சிக்கிய குடும்பத்துக்குச் சில வாரங்கள் அளிக்கும் தீவிர உதவி என அது பல வடிவங்கள் கொண்டது. நடக்காமல் போன ஒன்றை எண்ண வேண்டியிருப்பதே இதை மதிப்பிடுவதிலுள்ள அடிப்படைச் சிக்கல். குழந்தை நலமாக இருப்பது சேவையின் பலனா, சேவை இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருந்திருக்குமா என்பதை அந்தக் குடும்பத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒப்பீட்டுக் குழு இல்லாத மதிப்பீடு, பெற்றோர் எவ்வளவு மனநிறைவு தெரிவித்தாலும், தடுப்புக்குச் சான்றாகாது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. குழந்தைகளை வீட்டிலிருந்து பிரிக்க நேராமல் காப்பதற்காக அங்கு நடந்த திட்டத்தைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டு, 1994இல் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். சேவை பெற்ற குடும்பங்களில் பெரும்பாலானவை பிரியவில்லை. ஆனால் குலுக்கல் முறையில் ஒப்பீட்டுக் குழுவில் வைக்கப்பட்ட குடும்பங்களிலும் குழந்தைகள் பிரிக்கப்பட்டது குறைவே. பிரியும் நிலையில் இருப்பதாகக் கருதித் தேர்ந்தெடுத்த பல குடும்பங்கள் உண்மையில் அந்த நிலையில் இல்லை. ஒப்பீடு இல்லாதிருந்தால் இது பெரும் வெற்றியாகவே அறிவிக்கப்பட்டிருக்கும்.

ஒப்பீட்டுக் குழு இருந்தாலும் அளவுகோல் ஏமாற்றலாம். நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா பகுதியில் டேவிட் ஓல்ட்ஸ் குழுவினர் 1970களின் இறுதியில் தொடங்கிய ஆய்வில், முதல் பிள்ளையைச் சுமந்திருந்த 400 பெண்கள் சேர்ந்தனர். குழந்தைக்கு 2 வயதாகும்வரை செவிலியர் சென்ற குடும்பங்களில், 15 ஆண்டுக்குப் பின் பார்த்தபோது, வன்கொடுமை, புறக்கணிப்புப் பதிவுகள் மற்றக் குடும்பங்களில் இருந்ததில் ஏறத்தாழப் பாதியே இருந்தன. ஆனால் வருகை நின்ற அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பதிவுகளில் வேறுபாடு தென்படவில்லை. அதே காலத்தில் குழந்தைகள் அவசர சிகிச்சைக்குச் சென்றதோ சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. புகார், யாரேனும் பார்த்தால்தான் பதிவாகும். செவிலியரும் அவர் இணைத்துவிட்ட சேவைகளும் வீட்டைக் கவனிப்பதால், மற்ற வீடுகளில் வெளிவராத சம்பவமும் இங்கே ஏட்டில் ஏறக்கூடும். எனவே அதிகாரப்பூர்வப் பதிவை மட்டும் நம்பாமல், காயங்கள், மருத்துவமனை வருகை, வீட்டுச் சூழல் ஆகியவற்றையும் நீண்ட காலத்துக்குப் பார்க்க வேண்டும்.

ஓரிடத்தில் கிடைத்த பலன் வேறிடத்தில் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. இதே செவிலியர் வருகைத் திட்டத்தை இங்கிலாந்தில் 1,645 இளந்தாய்மார்களிடம் சோதித்து 2015இல் வெளியான ஆய்வு, முதன்மை அளவீடுகளில் கூடுதல் பலன் எதையும் காணவில்லை. அங்கு எல்லாத் தாய்மாருக்கும் மகப்பேற்றுச் செவிலியரும் நலச் செவிலியரும் இலவசமாகவே கிடைக்கின்றனர். இந்த ஏற்பாடு இல்லாத நாட்டில் பெரிதாகத் தெரிந்த இடைவெளி அங்கே சுருங்கியிருக்கலாம். ஒரு சேவையின் பலனைச் சொல்லும்போது, ஒப்பீட்டுக் குழுவுக்கு எது கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தேவைப்படும் குடும்பத்துக்கு உதவியை மறுத்து ஆராய்வது அறமா என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் இடங்கள் குறைவாக இருக்கையில் யாரேனும் விடுபடத்தான் போகிறார்கள். குலுக்கல் அதைச் செல்வாக்குக்கு விடாமல் பொதுவாக்குகிறது. ஒப்பீட்டுக் குழுவினர் வழக்கமான சேவைகளை இழப்பதுமில்லை. பலன் இல்லை என்ற முடிவு நிதியை வெட்டச் சாக்காகும் என்பது மற்றோர் அச்சம். ஆனால் மதிப்பீடு தீர்ப்போடு நிற்பதில்லை. எல்மைராத் தரவுகளையே மேலும் ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கட்டுரை, தாய் மீதான குடும்ப வன்முறை மிகுந்த வீடுகளில் செவிலியர் வருகையின் பலன் மங்கிவிட்டதைக் காட்டியது. அத்தகைய வீட்டில் தாயின் பாதுகாப்பையும் சேர்த்துக் கவனித்தாக வேண்டும் என்ற தெளிவு, சேவை எங்கே தவறுகிறது என்று கேட்ட மதிப்பீட்டால் வந்ததே.